மூவரில் முதல்வர் யார்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முத்து வேலுவைவிட உயரம். வேலு ராசுவைவிட உயரம் என்றால், முத்து ராசுவைவிட உயரம் என்பதைச் சொல்ல அளவுகோல் வேண்டியதில்லை. இதனைக் கடப்புப் பண்பு என்று முதலாண்டிலேயே படித்தோம். உயரம், எடை, வயது எல்லாம் இப்பண்புக்குக் கட்டுப்படும். ஆனால் "வென்றான்" என்னும் உறவு கட்டுப்படுமா? முத்து வேலுவை வென்று, வேலு ராசுவை வென்று, ராசு முத்துவை வென்றுவிட்டால் மூவரில் யாருக்குக் கோப்பையைக் கொடுப்பது?

இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மூன்று பல்கலைக்கழகங்கள் மெய்யாகவே இந்த முடிச்சில் சிக்கின. இலட்சக்கணக்கான மக்கள் அதைப் பற்றி வாதிட்டனர், இன்றும் வாதிடுகின்றனர். கோட்டுருவியல் வகுப்பில் "டூர்னமென்ட்" என்ற வகைக் கோட்டுருவை ஆசிரியர் நடத்தியபோது, இதற்கு நடைமுறை எடுத்துக்காட்டு உண்டா என்று தேடியதில் இந்தப் பருவம் என் கண்ணில் பட்டது. விளையாட்டுத் திடலில் பிறந்த கணக்கை நம் மாணவ நண்பர்களும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டமும் அமைப்பும்

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர் "ஃபுட்பால்" என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அன்று. பந்து முட்டை வடிவம். அதைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிந்து பிடிப்பதுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. அணிக்குப் பதினொருவர். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி. அதற்கு "டச்டவுன்" என்று பெயர். அதன்பின் ஓர் உதை கம்பங்களுக்கிடையே சென்றால் மேலும் 1 புள்ளி. ஆட்டத்தின் நடுவிலேயே உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்தினால் 3 புள்ளி. 45, 65 என்று ஸ்கோர் ஏறுவதைக் கண்டு யாரும் மலைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொன்னேன்.

"கான்பரன்ஸ்" என்றால் நமக்கு மாநாடு. அங்கே அது, பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தமக்குள் ஆடித் தமக்குள் ஒரு சாம்பியனைத் தேர்ந்தெடுக்க அமைத்துக்கொண்ட கூட்டணி. "பிக் 12" என்பது அத்தகைய கான்பரன்ஸ்களுள் ஒன்று. பழைய "பிக் எய்ட்" கான்பரன்சின் எட்டுப் பல்கலைக்கழகங்களும், "சவுத்வெஸ்ட்" கான்பரன்சிலிருந்து வந்த டெக்ஸஸ் மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் நான்கும் 1994-இல் கூடி இதை அமைத்தன. 1996-இல் கால்பந்து ஆட்டங்கள் தொடங்கின.

2008-இல் இதன் பன்னிரண்டு அணிகளும் வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாக ஆடின. பிரிவுக்கு ஆறு அணி. ஒவ்வோர் அணியும் தன் பிரிவில் உள்ள ஐவரோடும், அடுத்த பிரிவில் மூவரோடும் மோதும். ஆக எட்டு ஆட்டம். இவை போகக் கான்பரன்சுக்கு வெளியே நான்கு ஆட்டம். மொத்தம் 12. வடக்கின் முதல்வனும் தெற்கின் முதல்வனும் டிசம்பரில் மோதுவர்; வென்றவர் கான்பரன்சின் சாம்பியன். வெளியே ஆடும் அந்த நான்கு ஆட்டங்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கதையின் திருப்பம் அங்கேதான் இருக்கிறது.

மூன்று சனிக்கிழமைகள்

தெற்குப் பிரிவில் ஓக்லஹோமா, டெக்ஸஸ், டெக்ஸஸ் டெக், ஓக்லஹோமா ஸ்டேட், பேய்லர், டெக்ஸஸ் ஏ அண்ட் எம் ஆகிய ஆறு.

அக்டோபர் 11 அன்று டல்லாஸ் நகரில் டெக்ஸசும் ஓக்லஹோமாவும் மோதின. அன்று நாட்டின் தரவரிசையில் ஓக்லஹோமாவே முதலிடம். டெக்ஸஸ் 45–35 என்று வென்றது. அதன்பின் முதலிடமும் டெக்ஸசுக்கே வந்தது.

நவம்பர் 1 அன்று லபக் நகரில் டெக்ஸஸ் டெக்கைச் சந்தித்தது டெக்ஸஸ். இந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தைப் பதிவில் நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருக்கையில் டெக்ஸஸ் 33–32 என்று முந்துகிறது. டெக் அணியின் கிரஹாம் ஹாரெல் எறிந்த பந்து ஒன்று டெக்ஸஸ் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் கைக்கே வந்து, நழுவித் தரையில் விழுகிறது. பிடித்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அடுத்த எறிதலை மைக்கேல் கிராப்ட்ரீ ஓரக்கோட்டின் அருகே பிடிக்கிறார். அவரைக் கோட்டுக்குள் மடக்கி வீழ்த்தியிருந்தால் நேரம் ஓடியே போயிருக்கக்கூடும். அவரோ இருவரின் பிடியிலிருந்து விடுபட்டு எல்லையைத் தொட்டுவிட்டார். கடிகாரத்தில் மீதம் ஒரு நொடி! 39–33.

நவம்பர் 22 அன்று நார்மன் நகரில், இரண்டாம் இடத்திலிருந்த டெக்ஸஸ் டெக்கை ஓக்லஹோமா 65–21 என்று நொறுக்கியது. இதற்கு மேல் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. பாதி ஆட்டத்திலேயே எல்லாம் முடிந்துபோயிருந்தது.

மற்ற ஆட்டங்கள் அனைத்திலும் மூன்று அணிகளும் வென்றன. பருவ முடிவில் மூன்றுக்கும் 11 வெற்றி, 1 தோல்வி. கான்பரன்சுக்குள் 7 வெற்றி, 1 தோல்வி. டெக்ஸஸ் ஓக்லஹோமாவை வென்றது. ஓக்லஹோமா டெக்கை வென்றது. டெக் டெக்ஸசை வென்றது. வட்டம் பூர்த்தியாயிற்று.

வட்டங்களை எண்ணுதல்

ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒருமுறை மோதி, சமநிலை இல்லாமல் முடியும் போட்டியைப் புள்ளிகளாலும் அம்புகளாலும் வரையலாம். வென்றவரிடமிருந்து தோற்றவருக்கு ஓர் அம்பு. மூன்று அம்புகள் வட்டமாகச் சுற்றினால் அதுவே நம் முடிச்சு. ஒரு போட்டியில் இப்படி எத்தனை முடிச்சு உண்டு என்பதை, ஒவ்வோர் ஆட்டத்தையும் பார்க்காமல், ஒவ்வொருவரும் பெற்ற வெற்றிகளின் எண்ணிக்கையைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். இதனைக் கெண்டால், பாபிங்டன் ஸ்மித் ஆகிய இருவர் 1940-இல் எழுதினர்.

வழி எளிது. ஆறு அணிகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 20. ஒரு மூன்றில் வட்டம் இல்லையென்றால், அதில் ஒருவர் மற்ற இருவரையும் வென்றிருப்பார். எனவே வட்டமில்லாத மூன்றுகளை எண்ண, "இருவரையும் வென்றவர்" யார் என்று எண்ணினால் போதும். ஒருவர் ச பேரை வென்றிருந்தால், அவர் தலைமையில் ச(ச−1)/2 மூன்றுகள் அமையும்.

தெற்குப் பிரிவுக்குள் வெற்றிகள்: ஓக்லஹோமா 4, டெக்ஸஸ் 4, டெக்ஸஸ் டெக் 4, ஓக்லஹோமா ஸ்டேட் 2, பேய்லர் 1, டெக்ஸஸ் ஏ அண்ட் எம் 0. கூட்டினால் 15; ஆறு பேருக்குள் நடக்கும் ஆட்டங்களும் 15. கணக்கு ஒத்து வருகிறது. நான்கு வெற்றிக்கு 6 மூன்றுகள். அப்படி மூவர், 18. இரண்டு வெற்றிக்கு 1. மொத்தம் 19. இருபதில் பத்தொன்பது போக மீதம் ஒன்றே ஒன்று.

இந்த விடை வந்தபோது நான் வியந்துபோனேன். பதினைந்து ஆட்டத்தையும் நாணயம் சுண்டி முடிவு செய்திருந்தால் சராசரியாக ஐந்து முடிச்சு விழ வேண்டும். ஏனெனில் மூவருக்குள் எட்டு வகை முடிவுகளில் இரண்டு வட்டமாகும், அதாவது நான்கில் ஒரு பங்கு. ஆறு அணிகளில் அதிக அளவாக எட்டு முடிச்சு வரை விழலாம். இங்கே ஒன்றுதான் விழுந்தது. கீழே நான்காம், ஐந்தாம், ஆறாம் இடங்கள் ஏணிப்படி போல் ஒழுங்காக இறங்குகின்றன. ஆறாம் இடத்தில் ஒரு முடிச்சு விழுந்திருந்தால் யார் கவலைப்படப் போகிறார்கள்? இருந்த ஒரே முடிச்சு உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது.

விதிப்புத்தகம் சொன்னது

சமநிலை வந்தால் என்ன செய்வது என்று பிக் 12 முன்கூட்டியே விதி எழுதி வைத்திருந்தது. மூவர் சமமானால், முதலில் அவர்களுக்குள் நடந்த ஆட்டங்களைப் பார். ஆளுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி, பயனில்லை. அடுத்து, பிரிவுக்குள் பெற்ற வெற்றிகளைப் பார். மூவருக்கும் நான்கு. அடுத்து, பிரிவில் அடுத்தடுத்த இடத்தில் உள்ளவர்களோடு எப்படி ஆடினார்கள் என்று பார். மூவரும் எல்லாரையும் வென்றனர். அடுத்து, வடக்குப் பிரிவில் மூவரும் பொதுவாகச் சந்தித்த அணியைப் பார். அப்படி ஒன்று கான்சாஸ் மட்டுமே. அதையும் மூவரும் வென்றிருந்தனர்.

ஐந்தாம் படியில் வந்தது பி.சி.எஸ். தரவரிசை. நாடு முழுவதிலும் முதல் இரண்டு அணிகளைக் கண்டுபிடித்து இறுதி ஆட்டத்துக்கு அனுப்ப 1998 பருவம் முதல் 2013 பருவம் வரை இருந்த ஏற்பாடு அது. அந்தப் பட்டியலில் மூவரில் யார் மேலே இருக்கிறாரோ அவரே தெற்கின் முதல்வர். நவம்பர் 30 அன்று பட்டியல் வெளிவந்தது. ஓக்லஹோமா இரண்டாம் இடம், டெக்ஸஸ் மூன்றாம் இடம். இரண்டுக்கும் இடைவெளி 0.0128.

இந்தப் பத்தாயிரத்தில் 128 எங்கிருந்து வந்தது? 2008-இல் பி.சி.எஸ். மூன்று எண்களின் சராசரி. ஒன்று, ஹாரிஸ் வாக்கெடுப்பு: 114 பேர், முதலிடத்துக்கு 25 புள்ளி, ஆக உச்சவரம்பு 2850. இரண்டு, பயிற்சியாளர் வாக்கெடுப்பு: 61 பேர், உச்சவரம்பு 1525. மூன்று, ஆறு கணினித் தரவரிசைகள். அவற்றில் ஒவ்வோர் அணிக்கும் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு மீதி நான்கைக் கூட்டி 100-ஆல் வகுப்பர்.

ஹாரிஸ் வாக்கெடுப்பில் டெக்ஸஸ் 6 புள்ளி முன்னால் இருந்தது. 6-ஐ 2850-ஆல் வகுத்தால் 0.0021. பயிற்சியாளர் வாக்கெடுப்பில் ஓக்லஹோமா 1 புள்ளி முன்னால். 1-ஐ 1525-ஆல் வகுத்தால் 0.0007. சராசரியில் 0.0128 என்றால் கூட்டுத்தொகையில் அதன் மும்மடங்கு, 0.0384. அப்படியானால் கணினிகளின் பங்கு 0.0384 + 0.0021 − 0.0007, அதாவது ஏறக்குறைய 0.04. நூற்றுக்கு நான்கு புள்ளி.

ஆக 175 மனிதர்கள் ஒரு பருவம் முழுவதும் பார்த்துவிட்டு, இரு அணிகளையும் தராசில் வைத்து, முள் டெக்ஸஸ் பக்கம் ஒரு நூலிழை சாய நிறுத்திவிட்டனர். தீர்ப்பை எழுதியது கணினிகள். அவற்றுக்கு 45–35-உம் தெரியாது, 65–21-உம் தெரியாது. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள் என்பதைக் கணினிகள் கருதக்கூடாது என்று சில ஆண்டுகளுக்கு முன்பே விதி செய்திருந்தார்கள். வென்றது யார், தோற்றது யார் என்பது மட்டுமே அவற்றுக்கு உணவு. அந்த உணவை வைத்துக்கொண்டு எப்படி வட்டத்தை அறுத்தன?

கோலி முறை

ஆறு கணினி முறைகளில் தன் சூத்திரத்தை முழுவதும் வெளியிட்டிருந்தது வெஸ்லி கோலி என்ற வானியற்பியல் அறிஞரின் முறை ஒன்றே. நம் இரண்டாமாண்டு இயற்கணிதம் தெரிந்தால் அதைப் புரிந்துகொள்ளலாம்.

ஓர் அணி ந ஆட்டத்தில் வ வெற்றி பெற்றால் அதன் தரம் வ/ந என்று சொல்லத் தோன்றும். ஒரே ஆட்டம் ஆடி வென்றவனுக்கு இது முழு மதிப்பெண் தந்துவிடுகிறது. எனவே லாப்லாஸ் காட்டிய வழியில் (1+வ)/(2+ந) என்று கோலி தொடங்குகிறார். ஆட்டமே ஆடாத அணிக்கு இதன்படி தரம் அரை. பிறகு எதிராளிகளின் தரத்தையும் உள்ளே கொண்டு வருகிறார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சமன்பாடு:

(2 + ஆட்டங்கள்) × தன் தரம் − எதிராளிகளின் தரங்களின் கூடுதல் = 1 + (வெற்றி − தோல்வி)/2

அணிகள் எத்தனையோ அத்தனை சமன்பாடு, அத்தனை மாறி. அணிக்கோவையாக எழுதித் தீர்த்தால் எல்லார் தரமும் ஒரே நேரத்தில் வந்துவிடும்.

முதலில் வட்டத்தில் உள்ள மூவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆட்டம், ஒரு வெற்றி, ஒரு தோல்வி. 4அ − ஆ − இ = 1; மற்ற இரண்டும் இதேபோல. விடை: அ = ஆ = இ = 1/2. எதிர்பார்த்ததுதான். மூவரையும் மாற்றி மாற்றி வைத்தாலும் படம் மாறாதபோது எந்த நேர்மையான சூத்திரமும் ஒருவரை உயர்த்திக் காட்ட முடியாது.

இப்போது மற்ற பத்து ஆட்டங்களைச் சேர்ப்போம். ஓக்லஹோமாவின் தரம் ஓ, டெக்ஸசின் தரம் ட, டெக்கின் தரம் க என்போம். ஓக்லஹோமா வென்ற மற்றப் பத்து அணிகளின் தரக் கூடுதல் ப. டெக்ஸஸ் வென்ற பத்தின் கூடுதல் ம. இருவருக்கும் 12 ஆட்டம், 11 வெற்றி, 1 தோல்வி:

14ஓ − ட − க − ப = 6
14ட − ஓ − க − ம = 6

ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் க மறைந்துபோகிறது; 15(ஓ − ட) = ப − ம. அதாவது ஓ − ட = (ப − ம)/15. அக்டோபர் 11 அன்று யார் யாரை வென்றார் என்பது இந்த விடையில் எங்குமே இல்லை! வட்டத்துக்குள் கிடைத்த வெற்றியும் தோல்வியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒழிந்தன. எஞ்சியிருப்பது, மற்றவர்களாக யார் யாரைச் சந்தித்தாய் என்பது மட்டுமே.

(சிறு பிரிவு அணிகளோடு ஆடியதைக் கோலி வேறு வகையாகக் கையாளுகிறார், அந்த நுணுக்கத்தை இங்கு விட்டுவிட்டேன்.)

பொதுவான எதிராளிகளை இருபுறமும் அடித்துவிடலாம். ஓக்லஹோமா ஸ்டேட், பேய்லர், டெக்ஸஸ் ஏ அண்ட் எம், கான்சாஸ் நான்கும் போயின. ஓக்லஹோமாவின் பக்கம் மீதம்: கான்சாஸ் ஸ்டேட், நெப்ராஸ்கா, சட்டனூகா, சின்சினாட்டி, வாஷிங்டன், டி.சி.யு. டெக்ஸசின் பக்கம் மீதம்: கொலராடோ, மிசூரி, ஃபுளோரிடா அட்லாண்டிக், யு.டி.இ.பி., ரைஸ், ஆர்கன்சா. இவற்றில் டி.சி.யு. அந்தப் பருவத்தை 11–2 என்றும், சின்சினாட்டி 11–3 என்றும் முடித்தன. வாஷிங்டன் 12 ஆட்டத்திலும் தோற்ற அணி. ஆனாலும் அந்த இருவரின் கனம் அந்தக் குறையை ஈடுகட்டியது. டெக்ஸசின் பக்கம் மிசூரியும் ரைசும் நன்றாக ஆடின. ஆர்கன்சா, கொலராடோ, யு.டி.இ.பி. மூன்றும் 5–7.

டெக்ஸஸ் டெக்கின் நிலையோ பரிதாபம். வெளி ஆட்டம் நான்கில் இரண்டை அது சிறு பிரிவு அணிகளோடு ஆடியிருந்தது. எனவே மூவரில் கடைசியாக நின்றது.

இதுதான் நான் முன்னே சொன்ன திருப்பம். கான்பரன்சின் தெற்கு முதல்வர் யார் என்ற கேள்விக்குக் கான்பரன்சுக்கு உள்ளே விடை இல்லை. விடை வெளியே இருந்து வந்தது. செப்டம்பரில் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஆட்டங்களிலிருந்து வந்தது. அந்த வெளி ஆட்டங்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தமாகிவிடுபவை. 2008-இல் திடலில் நின்ற மாணவர்கள் அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர்கள் அல்லர்.

மூன்று விதி, மூன்று முதல்வர்

டெக்ஸஸ் ஆதரவாளர்கள் "45–35" என்று எழுதிய அட்டைகளைத் தூக்கிப் பிடித்தனர். நேருக்கு நேர் நாங்கள் வென்றோமே, பிறகு என்ன பேச்சு என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே வாயால் 39–33-ஐச் சொல்ல வேண்டும் அல்லவா? அதை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டனர்.

ஆனால் அவர்களுக்குச் சாதகமான விதி வேறொரு கான்பரன்சில் இருந்தது. தென்கிழக்குக் கான்பரன்சின் அன்றைய விதிப்படி, மூவர் சமமாகி, பி.சி.எஸ். பட்டியலில் முதலிருவர் ஐந்து இடத்துக்குள் நெருங்கியிருந்தால், அந்த இருவரில் நேருக்கு நேர் வென்றவரே முதல்வர். இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடைவெளி ஒன்று, எனவே டெக்ஸஸ். டெக்ஸஸ் டெக்கின் பயிற்சியாளர் மைக் லீச் குறும்புக்காரர். படிப்பை முடித்துப் பட்டம் வாங்கும் மாணவர் விகிதத்தைப் பார்த்துச் சமநிலையை முறிக்கலாமே என்றார். அப்படிப் பார்த்தால் தம் அணிக்கே இடம் என்பது அவர் கணக்கு. எல்லாரும் சிரித்தனர். எனக்கு அது முற்றிலும் சிரிப்பாகத் தோன்றவில்லை. கல்லூரி அணிகள்தானே இவை?

ஒரே ஆட்டங்கள், ஒரே முடிவுகள். ஒரு விதி ஓக்லஹோமா என்கிறது, ஒன்று டெக்ஸஸ் என்கிறது, ஒன்று டெக் என்கிறது. வாக்குகளில் இப்படி வட்டம் விழும் என்பதை 1785-லேயே பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே கண்டு சொன்னார். மூன்றும் அதற்கு மேலும் இருப்பவற்றை வரிசைப்படுத்த, நியாயமென்று நாம் கருதும் சில நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்றும் வாக்கு முறை இருக்கவே முடியாது என்று 1951-இல் கென்னத் ஆரோ நிறுவினார்.

என் அப்பாவிடம் ஒருநாள் இரவு இதைச் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "மறுபடி மூணு பேரையும் ஆட விட வேண்டியதுதானப்பா" என்றார். நல்ல யோசனைதான். மூவரும் சமபலம் என்றால் மறுபடியும் வட்டம் விழ நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்றேன். "அப்ப இன்னொரு தடவை ஆடட்டும்" என்றார். எலும்பு முறியும் ஆட்டம், வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் உடம்பு தாங்காது, டிசம்பர் முதல் வாரத்தில் இறுதி ஆட்டம் குறித்தாகிவிட்டது என்ற பிறகே ஒத்துக்கொண்டார்.

சமநிலையை முறிக்கும் விதி எனக்குப் புதிதன்று. பொறியியல் கலந்தாய்வில் ஒரே கட்-ஆஃப் எடுத்தவர்களைக் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று படிப்படியாகப் பார்த்து, பிறந்த தேதியையும் பார்த்து, அதிலும் பிரியாவிட்டால் சமவாய்ப்பு எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்துவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விண்ணப்பித்தபோது அந்த எண் ஒன்று எனக்கும் வந்தது. அது எதற்கு என்று சொல்ல வீட்டில் எவரும் இல்லை. விண்ணப்பம் நிரப்பித் தந்த கடைக்கார அண்ணன் "அதைக் கண்டுக்காதே தம்பி" என்றார். விதி முன்பே அச்சில் இருந்தது. படித்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தும் இருந்தது. இதனால் எனக்கு நட்டம் ஒன்றும் நேரவில்லை. கணிதத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். ஆனால் ஓக்லஹோமாவுக்கு விதிப்படி கிடைத்ததைத் திருட்டு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புவதில்லை. பருவம் தொடங்குமுன்பே எழுதி, மூவருக்கும் தெரிந்திருந்த விதி அது.

என் ஆட்சேபம் வேறு. ஆறு கணினிகளில் ஐந்தின் சூத்திரம் முழுமையாக வெளியில் வரவில்லை. திறந்து வைத்த சூத்திரத்தின் அருமை 2010-இல் தெரிந்தது. அந்தப் பருவத்தின் இறுதிப் பட்டியலில் கோலி முறைக்குத் தந்த தரவுகளில் சிறு பிரிவு ஆட்டம் ஒன்றின் முடிவு விடுபட்டிருந்தது. வெளியாள் ஒருவர் அதே கணக்கைத் தாமே போட்டுப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தார். திருத்தியபோது எல்.எஸ்.யு.வும் பாய்சி ஸ்டேட்டும் பத்தாம், பதினோராம் இடங்களை மாற்றிக்கொண்டன. மற்ற ஐந்தில் இப்படி ஒரு பிழை நேர்ந்திருந்தால் வெளியார் எவ்வாறு அறிந்திருப்பர்?

பிறகு நடந்தது

டிசம்பர் 6 அன்று கான்சாஸ் சிட்டியில் ஓக்லஹோமா வடக்கின் மிசூரியை 62–21 என்று வென்று சாம்பியன் ஆயிற்று. அந்த அணி தொடர்ந்து ஐந்து ஆட்டத்தில் 60 புள்ளிக்கு மேல் எடுத்திருந்தது. பருவம் முழுவதும் 716 புள்ளி. அதன் ஆட்டக்காரர் சாம் பிராட்ஃபோர்ட் ஹைஸ்மன் கோப்பை பெற்றார்; டெக்ஸசின் கோல்ட் மக்காய் இரண்டாம் இடம். 2009 ஜனவரி 8 அன்று தேசிய இறுதி ஆட்டத்தில் அதே ஓக்லஹோமா 14 புள்ளிக்கு மேல் எடுக்க முடியாமல் ஃபுளோரிடாவிடம் 24–14 என்று தோற்றது. டெக்ஸஸ் ஒஹையோ ஸ்டேட்டை 24–21 என்று வென்றது. டெக்ஸஸ் டெக் மிசிசிப்பியிடம் 47–34 என்று தோற்றது. பருவத்தின் கடைசி ஏ.பி. வாக்கெடுப்பில் டெக்ஸஸ் நான்காம் இடம், ஓக்லஹோமா ஐந்தாம் இடம்.

பிக் 12 பின்னர் உருமாறிவிட்டது. 2011-இல் நெப்ராஸ்காவும் கொலராடோவும் விலக, பிரிவுகள் ஒழிந்தன. 2012-இல் மிசூரியும் டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மும் விலகின. 2024-இல் டெக்ஸசும் ஓக்லஹோமாவும் தென்கிழக்குக் கான்பரன்சில் போய்ச் சேர்ந்தன. புதியவர்கள் பலர் வந்தனர். கொலராடோ திரும்பி வந்தது. அணிகள் பதினாறு ஆயின.

அந்த 2024 பருவத்தில் அரிசோனா ஸ்டேட், அயோவா ஸ்டேட், பி.ஒய்.யு., கொலராடோ ஆகிய நான்கு அணிகள் 7–2 என்று சமமாக நின்றன. இம்முறை வட்டம்கூட இல்லை. பதினாறு பேர் ஒவ்வொருவரோடும் மோத 120 ஆட்டம் வேண்டும். ஆளுக்கு ஒன்பது என்பதால் கான்பரன்ஸ் கணக்கில் நடந்தவை 72. சமமாக நின்ற நால்வருக்குள் அமையக்கூடிய ஆறு ஜோடிகளில், பருவத்தில் நேருக்கு நேர் சந்தித்தது அரிசோனா ஸ்டேட்டும் பி.ஒய்.யு.வும் மட்டுமே. விதிகள் அரிசோனா ஸ்டேட்டையும் அயோவா ஸ்டேட்டையும் இறுதிக்கு அனுப்பின. அரிசோனா ஸ்டேட் 45–19 என்று வென்றது. மேலே நாம் முடிச்சு எண்ணிய சூத்திரம் இந்தப் பருவத்துக்குச் செல்லாது. அதற்கு எல்லாரும் எல்லாரோடும் ஆடியிருக்க வேண்டும். கோலியின் சமன்பாடு செல்லும். பதினாறு மாறிகள் கொண்ட அந்த அணிக்கோவையை எழுதித் தீர்த்துப் பார்க்க விரும்பும் நண்பர்கள் கணிதத் துறையில் என்னைச் சந்திக்கலாம். பாதி வரிசைகளை எழுதி வைத்திருக்கிறேன்.